தாமதத்துக்குக் கழிவில்லை, எழுதாவிட்டாலும் 50: பிள்ளைகளுக்குப் பொறுப்பு வருமா?

கணக்கு வாத்தியார் எழுதியது:

ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். இந்தக் கல்வியாண்டில் எங்கள் பள்ளியில் மதிப்பெண் போடும் முறையை மாற்றிவிட்டார்கள். அசைன்மெண்டைப் பருவம் முடிவதற்குள் எப்போது கொடுத்தாலும் மார்க் குறைக்கக் கூடாது. எழுதவே இல்லை என்றாலும் 50க்குக் கீழே போடக் கூடாது (தேர்ச்சிக்கு 60). தேர்வில் குறைந்துவிட்டால், கேட்கிறவர்களுக்கெல்லாம் மறுதேர்வு வைக்க வேண்டும்.

நோக்கம் புரிகிறது. ஒரு தடவை சறுக்கியவன் வருடம் முழுக்க எழ முடியாமல் போய்விடக் கூடாது என்கிறார்கள். அதில் எனக்குச் சண்டையில்லை. ஆனால் வகுப்பில் நடப்பது வேறு. முன்பெல்லாம் கெடு தேதியன்று மேசையில் நோட்டுகள் அடுக்காக இருக்கும். இப்போது நாலைந்து இருந்தால் அதிகம். மீதியெல்லாம் பருவத்தின் கடைசி வாரத்தில் மொத்தமாக வந்து விழுகிறது. நேரியல் சமன்பாடு நடத்தி இரண்டு மாதம் கழித்து அந்த வீட்டுப்பாடத்தைத் திருத்தி யாருக்கு என்ன பயன்? எங்கே தப்பு என்று நான் எழுதிக் கொடுப்பதைப் படிக்கக்கூட அவர்களுக்கு நேரமில்லை, மறுநாள் தேர்வு. ஒரே விடையை ஒரே அடித்தல் திருத்தலோடு ஏழெட்டுப் பேர் எழுதியிருப்பது தனிக்கதை.

மறுதேர்வு இன்னும் வேடிக்கை. முதல் தேர்வுக்குப் படிக்காமல் வந்து, கேள்வித்தாளை நோட்டம் பார்த்துவிட்டுப் போகிறார்கள். "ரீடெஸ்ட்ல பாத்துக்கறேன் சார்" என்று சிரித்துக்கொண்டே சொல்கிறான் ஒருவன். கெட்ட பையன் இல்லை. விதி அப்படி இருக்கிறது, அவன் அதற்கேற்ப நடக்கிறான்.

எப்போதும் நேரத்துக்கு முடித்துக் கொடுக்கும் ஒரு பெண் போன வாரம் கேட்டாள்: "நான் மட்டும் ஏன் சார் ராத்திரி உட்கார்ந்து எழுதணும்?"

மற்ற ஆசிரியர்களும் பெற்றோரும் என்ன சொல்கிறீர்கள்?

கடைசி பெஞ்ச் எழுதியது:

இதில் யோசிக்க என்ன இருக்கிறது சார். எழுதாதவனுக்கு முட்டை. எங்களுக்கெல்லாம் அப்படித்தான் போட்டார்கள். நாங்கள் என்ன கெட்டா போய்விட்டோம்?

அறிவியல் டீச்சர் எழுதியது:

கடைசி பெஞ்ச் அண்ணா, கெட்டுப்போனவர்கள் இங்கே வந்து எழுதப்போவதில்லை. பாதியில் படிப்பை விட்டவர்களைக் கேட்டால்தானே அந்த முட்டை என்ன செய்தது என்று தெரியும்.

வாத்தியார் சார், 50 விதிக்கு நான் வக்கீல் இல்லை. ஆனால் அது ஏன் வந்தது என்று பாருங்கள். தேர்ச்சி 60 என்றால், அதற்கு மேலே ஒவ்வொரு கிரேடும் பத்து மார்க் அகலம். தோல்விக்கு மட்டும் 0 முதல் 59 வரை. ஒரு மாணவி நாலு வேலையில் மூன்றுக்கு 90 வாங்கியிருக்கிறாள், ஒன்றைக் கொடுக்கவில்லை. சராசரி 67.5, தேர்ச்சியில் கடைசி கிரேடு. அதே மாணவிக்கு 4, 3, 2, 1, 0 என்ற கிரேடு புள்ளியில் போடுங்கள்: 4, 4, 4, 0. சராசரி 3, மேலிருந்து இரண்டாவது கிரேடு. வேலை ஒன்றுதான், அளவுகோலை மாற்றியதும் பிள்ளையே மாறிவிட்டாள். சராசரி எடுக்காமல் இடைநிலை (மார்க்குகளை வரிசையாக வைத்தால் நடுவில் வருவது) எடுத்தால் 90 வரும், அது இன்னொரு கோணல்.

ஆக 100க்குப் போடும் இடத்தில் சைபர் சராசரிக்குள் நுழைந்ததும் மற்ற மார்க்குகளையெல்லாம் தின்றுவிடுகிறது. தேர்ச்சி 35, 40 என்று வைத்திருக்கும் இடங்களில் இவ்வளவு மோசமில்லை. பிரான்சில் 20க்குப் போடுகிறார்கள், 10 வாங்கினால் தேர்ச்சி. டென்மார்க்கில் 2007இல் வந்த ஏழு படி அளவுகோலில் மேல்படி 12, கீழ்ப்படி -3. அதனால் "50க்குக் கீழே போடாதே" என்பது எங்கும் பொருந்தும் நீதி அல்ல, 60ஐத் தேர்ச்சியாக வைத்த பள்ளிகள் போட்ட ஒட்டு. மற்ற அளவுகோல் உள்ளவர்கள் இதைக் காப்பியடித்தால் அபத்தமாகத்தான் முடியும்.

பதினொன்றாம் வகுப்பு எழுதியது:

வணக்கம், நான் மாணவன். எங்கள் பள்ளியிலும் இதே விதிதான். டீச்சர் போட்ட கணக்குக்கு மறுபக்கம் ஒன்று இருக்கிறது.

பத்து அசைன்மெண்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். கொடுக்காததற்கெல்லாம் 50 நிச்சயம். செய்தால் 90 வாங்கக்கூடியவன் மூன்றை மட்டும் செய்தால் போதும்: 270ம் 350ம் சேர்த்து 620, சராசரி 62, பாஸ். நூற்றுக்கு நூறு வாங்குகிறவனுக்கு இரண்டே போதும். ஆனால் முழுசாக முயற்சி செய்தும் 65 வாங்குகிற பையன் ஆறு செய்தால் 59தான் வரும். அவன் ஏழு செய்தாக வேண்டும்.

கஷ்டப்படுகிறவனுக்காக என்று சொல்லித்தான் இந்த விதியைக் கொண்டுவந்தார்கள். யாருக்கு லாபம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் வகுப்பில் இதை எல்லோரும் முதல் மாதமே கண்டுபிடித்துவிட்டோம்.

இன்னொன்று. நாங்கள் எல்லோரும் சோம்பேறிகள் இல்லை. ஒரே வாரத்தில் ஐந்து பாடத்துக்குக் கெடு வந்தால் எதைத் தள்ளிப்போடலாம் என்று பார்ப்போம். எந்தப் பாடத்தில் கழிவில்லையோ அது கடைசிக்குப் போகும். அந்த வாத்தியார் மேல் மரியாதை இல்லாமல் இல்லை.

கணக்கு வாத்தியார் எழுதியது:

தம்பி, அந்த 65 பையன் கணக்கை அப்படியே ஆசிரியர் கூட்டத்துக்கு எடுத்துப்போகிறேன். எங்கள் ஆட்களில் ஒருவரும் போட்டுப்பார்க்கவில்லை, கணக்கு எடுக்கும் நான் உட்பட.

இருவரின் அம்மா எழுதியது:

எனக்கு இரண்டு பிள்ளைகள். இந்த விதியின் நல்லதும் கெட்டதும் ஒரே வீட்டில் பார்க்கிறேன்.

பெரியவள் எட்டாம் வகுப்பில் இருந்தபோது அவள் அப்பாவுக்கு ஆபரேஷன். நான் மருத்துவமனையில், அவள் வீட்டில் தம்பியைப் பார்த்துக்கொண்டாள். சமைத்தாள், அவனைக் கிளப்பினாள், தானும் பள்ளிக்குப் போனாள். அந்தச் சமயம் கொடுக்காத வேலைகளுக்கெல்லாம் ஒரு பாடத்தில் வரிசையாக சைபர். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை, அந்த வயதில் சொல்ல மாட்டார்கள். ரிப்போர்ட் கார்டில் "பொறுப்பில்லை" என்று எழுதியிருந்தது. அந்த வருடத்தில் எங்கள் வீட்டிலேயே அதிகப் பொறுப்போடு இருந்தது அவள்தான்.

சின்னவன் இப்போது கழிவில்லாத பள்ளியில் படிக்கிறான். இவனுக்கு அந்தக் கஷ்டம் எதுவும் கிடையாது. "எப்ப கொடுத்தாலும் ஒண்ணுதாம்மா" என்று போனை நோண்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். நான் கத்தினால் "மிஸ்ஸே ஒண்ணும் சொல்லல" என்கிறான். பள்ளி கையைக் கழுவியதும் அந்த வேலை முழுக்க வீட்டுக்கு வந்துவிட்டது. கத்த ஆள் இருக்கும் வீட்டுப் பிள்ளைகள் எப்படியோ தேறிவிடும். அம்மாவும் அப்பாவும் இரவு வேலைக்குப் போகிற வீட்டில் யார் கத்துவார்கள்?

மொத்தத்தில் பெரியவளை எந்த ஆசிரியரும் கூப்பிட்டுக் கேட்கவில்லை, சின்னவனையும் கேட்பதில்லை. சைபர் போட்டபோதும் கேட்கவில்லை, 50 போடும்போதும் கேட்கவில்லை.

புள்ளிவிவரப் பித்தன் எழுதியது:

அனுபவங்களுக்கு நடுவில் கொஞ்சம் ஆய்வையும் போடுகிறேன்.

அமெரிக்காவில் வட கரோலினா மாநிலம் 2015-16 கல்வியாண்டிலிருந்து உயர்நிலைப் பள்ளி கிரேடு எல்லைகளைத் தளர்த்தியது. முதல் கிரேடுக்கு 93 வேண்டியிருந்தது 90 ஆயிற்று. தேர்ச்சி 70லிருந்து 60க்கு இறங்கியது. மாநிலம் முழுக்க ஒரே நேரத்தில் நடந்ததால் ஆய்வாளர்களுக்கு நல்ல வாய்ப்பு. கிரேடுகள் உடனே உயர்ந்தன, எல்லைக்கோட்டை நகர்த்தினால் உயரத்தானே செய்யும். கவனிக்க வேண்டியது அடுத்தது: ஏற்கனவே பின்தங்கியிருந்த மாணவர்கள் பள்ளிக்கு வருவது குறைந்தது. நன்றாகப் படிப்பவர்களுக்கும் அவர்களுக்கும் இருந்த இடைவெளி கூடியது. பதினொன்றாம் வகுப்புத் தம்பி தாளில் போட்டதற்கு நெருக்கமானதுதான் அங்கே நடந்திருக்கிறது.

அதே மாநிலத்தின் இயற்கணித வகுப்புகளை வைத்து 2020இல் இன்னோர் ஆய்வு வந்தது. கறாராக மதிப்பெண் போடும் ஆசிரியர்களிடம் படித்தவர்கள் அதிகம் கற்றார்கள், அடுத்தடுத்த கணக்குப் பாடங்களிலும் அது தெரிந்தது என்பது முடிவு.

கடைசி பெஞ்ச் எழுதியது:

அப்படிப் போடுங்கள்! நான் சொன்னதை ஆய்வே சொல்லிவிட்டது. பெயிலாக்கி அதே வகுப்பில் உட்கார வைத்தால் எல்லாம் சரியாகிவிடும்.

புள்ளிவிவரப் பித்தன் எழுதியது:

இல்லை அண்ணா, அது வேறு. நான் எழுதியது மதிப்பெண்ணின் கறார் பற்றி. வகுப்பில் நிறுத்திவைப்பது தனி விஷயம். ஜப்பானில் கட்டாயக் கல்வியின் ஒன்பது ஆண்டுகளில் நடைமுறையில் யாரையும் நிறுத்திவைப்பதில்லை. ஜப்பானியப் பிள்ளைகளுக்குப் பொறுப்பில்லை என்று நீங்கள்கூடச் சொல்ல மாட்டீர்கள். அங்கே வகுப்பறையைப் பெருக்குவது, மதிய உணவு பரிமாறுவது எல்லாம் மாணவர்கள் வேலை. அதற்கெல்லாம் மதிப்பெண்ணும் கிடையாது.

தளர்த்தினால் மதிப்பெண்ணின் மேலுள்ள நம்பிக்கைக்கு என்ன ஆகும் என்பதற்கு பிரிட்டனைப் பார்க்கலாம். கொரோனாவால் தேர்வு நின்றது. 2020இல் கணினிச் சூத்திரம் போட்ட கிரேடுகளுக்கு எதிர்ப்புக் கிளம்பியதும் ஆசிரியர் கணிப்பையே ஏற்றார்கள். ஏ-லெவல் என்ற பள்ளி இறுதித் தேர்வில் முதல் இரண்டு கிரேடு 2019இல் 25 சதவீதத்துக்குச் சற்று மேல், 2021இல் 44.8 சதவீதம். பிறகு வழக்கமான தேர்வுகளைக் கொண்டுவந்து 2023இல் 27.2க்கு இறக்கினார்கள். ஏற்றும்போது எல்லோருக்கும் சந்தோஷம். இறக்கிய வருடம் எழுதியவர்கள் என்ன பாவம் செய்தார்கள்?

பழைய தலைமையாசிரியர் எழுதியது:

ஓய்வு பெற்றுவிட்டதால் கொஞ்சம் வெளிப்படையாகவே எழுதுகிறேன்.

இந்த மாதிரி விதிகளுக்கு ஆவணத்தில் எழுதும் காரணம் ஒன்று. அறைக்குள் பேசும் காரணம் சில சமயம் வேறு. தேர்ச்சி விகிதம் குறைந்தால் மேலிருந்து கேள்வி வரும். ஒரு பிள்ளையைப் பெயிலாக்கினால் பெற்றோர் வருவார்கள், விளக்கக் கடிதம், கூட்டம், கோப்பு. பெயிலாகாமல் பார்த்துக்கொண்டால் இது எதுவுமில்லை. அதற்கு இரண்டு வழி. ஒன்று, பிள்ளையை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுப்பது. அதற்கு ஆள் வேண்டும், மணி வேண்டும், பள்ளி முடிந்த பிறகு ஓர் அறையைத் திறந்து வைக்க வேண்டும். இன்னொன்று, எல்லைக்கோட்டை நகர்த்துவது. அதற்கு ஒரு சுற்றறிக்கை போதும்.

மறுதேர்வு, தாமதத்துக்குக் கழிவில்லை என்பதெல்லாம் தம்மளவில் தவறான யோசனைகள் அல்ல. அவற்றை ஒழுங்காகச் செய்தால் பழைய முறையைவிட ஆசிரியருக்கு வேலை அதிகம். வாத்தியார் ஐந்து வகுப்பு எடுக்கிறார், வகுப்புக்கு 40 பேர் என்றால் 200 தாள். பாதிப்பேர் மறுதேர்வு எழுதினால் இன்னும் 100 தாள், அதற்குப் புதிய கேள்வித்தாள். அந்த நேரத்தை எந்தப் பள்ளி கால அட்டவணையில் ஒதுக்கியிருக்கிறது? நான் பார்த்த இடங்களில் விதி மட்டும் வந்தது, நேரம் வரவில்லை. அப்புறம் ஆசிரியர்களும் மனிதர்கள்தானே, அதே கேள்வித்தாளையே மறுபடி கொடுத்தார்கள். மாணவனும் ஆசிரியரும் சேர்ந்து விதியை ஏமாற்றிக்கொண்டிருந்தார்கள், எல்லோரும் பாஸ்.

பனிநாட்டு ஆசிரியை எழுதியது:

அம்மா எழுதியதைப் படித்ததும் இதைச் சொல்லத் தோன்றியது. கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் ரிப்போர்ட் கார்டில் பாட மதிப்பெண் தனி, வேலைப் பழக்கம் தனி. பொறுப்பு, ஒழுங்கமைப்பு, தனித்துச் செய்தல், கூட்டாகச் செய்தல், முன்முயற்சி, தன்னைத்தானே நெறிப்படுத்துதல் என்று ஆறு தலைப்பு. ஒவ்வொன்றுக்கும் எண் இல்லாமல் ஓர் எழுத்துத் தரம். உங்கள் சின்னவனுக்குக் கணக்கில் 85, பொறுப்பில் "முன்னேற வேண்டும்" என்று வரும். 70 என்று ஒற்றை எண் போட்டால் அது கணக்கு வராத 70ஆ, நோட்டு வராத 70ஆ என்று யாருக்கும் தெரியாது.

ஆனால் இதைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் மறுபாதியை விட்டுவிடுவார்கள். 2010இல் அந்த மாகாணம் வெளியிட்ட மதிப்பீட்டுக் கொள்கையிலேயே தாமதத்துக்கு என்ன செய்யலாம் என்று ஒரு பட்டியல் உண்டு. காரணத்தைக் கேள், பெற்றோரிடம் பேசு, திட்டமிட உதவு என்று போய், தேவைப்பட்டால் மதிப்பெண்ணைக் குறைக்கலாம், முழுவதுமாகக்கூடக் குறைக்கலாம் என்றும் இருக்கிறது. அதாவது ஆசிரியர் கையிலிருந்து அதைப் பிடுங்கவில்லை.

பிடுங்கினால் என்ன ஆகும் என்பதற்கு கனடாவின் இன்னொரு மாகாணமான ஆல்பர்ட்டாவில் எட்மன்டன் நகரக் கதை இருக்கிறது. 2012இல் ஒரு பள்ளியில் சைபர் போடக் கூடாது என்ற விதியை மீறிய இயற்பியல் ஆசிரியரை இடைநீக்கம் செய்து, பிறகு வேலையை விட்டே அனுப்பினார்கள். நாடு முழுக்கச் சர்ச்சை. 2014இல் மேல்முறையீட்டு வாரியம் அவரை நடத்திய விதம் நியாயமில்லை என்று தீர்ப்புச் சொன்னது. இதில் எனக்குப் பிடித்தது, அவர் போட்ட சைபர் நிரந்தரமானது இல்லை. வந்து செய்து கொடுத்தால் மாற்றிவிடுவார். செய்யும்வரை அது பட்டியலில் உறுத்திக்கொண்டிருக்கும், அவ்வளவுதான்.

ஆளெடுப்பவன் எழுதியது:

வேலைக்கு ஆள் எடுக்கிற பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. "அலுவலகத்தில் கெடு தவறினால் வேலை போய்விடும், பிள்ளைகளை இப்போதே பழக்குங்கள்" என்று பலர் சொல்வார்கள். அது உண்மையில்லை. வேலையில் கெடுக்கள் தினமும் நகர்கின்றன. எனக்குப் பிரச்சினையாக இருப்பவன் தாமதிக்கிறவன் இல்லை, கெடு நாளன்று மாலை வரை வாயே திறக்காதவன். இரண்டு நாள் முன்னால் வந்து "முடியாது போலிருக்கிறது, வெள்ளிக்கிழமை தரட்டுமா" என்று கேட்டால் நான் மற்றவர்கள் வேலையை மாற்றி வைத்துக்கொள்வேன். எங்களிடம் வரும் புதுப் பிள்ளைகள் நிறையப் பேருக்கு அந்த ஒரு வாக்கியம் வாயில் வருவதில்லை. தானாக சைபர் விழும் பள்ளியிலும் அதைச் சொல்லிப் பயனில்லை, தானாகக் கழிவு ரத்தாகும் பள்ளியிலும் சொல்லத் தேவையில்லை. எங்கே பழகியிருப்பார்கள்?

இருவரின் அம்மா எழுதியது:

இதைச் சின்னவனுக்குப் படித்துக் காட்டினேன். "சரி சரி" என்றான். போனிலிருந்து தலை தூக்கவில்லை.

கணக்கு வாத்தியார் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பள்ளியின் விதியை நான் ஒருவன் மாற்ற முடியாது. அதை மீறாமலே என் வகுப்பில் சிலவற்றைச் செய்து பார்க்கப் போகிறேன்.

கொடுக்காத வேலைக்குப் பருவம் முடியும்வரை எண்ணே போடப்போவதில்லை, பட்டியலில் "நிலுவை" என்று எழுதுவேன். 50 என்று ஓர் எண்ணைப் பார்த்தால் முடிந்துபோன விஷயமாகத் தெரிகிறது. நிலுவை உள்ளவர்கள் வாரத்தில் ஒரு நாள் பள்ளி முடிந்து என் அறையில் உட்கார்ந்து முடிக்க வேண்டும். தண்டனையாக இல்லை, நானும் பக்கத்தில் இருப்பேன்.

கெடுவைத் தள்ளிவைக்க வேண்டுமென்றால் ஒரு நாள் முன்னதாக ஒரு சீட்டில் எழுதிக் கொடுக்கலாம். கேட்டவருக்குக் கேட்ட நாள் கிடைக்கும்.

மறுதேர்வு எழுத நுழைவுச்சீட்டு: முதல் தாளில் தப்பான கணக்கையெல்லாம் திருத்தி எழுதி, எங்கே பிசகியது என்று ஒரு வரி சேர்த்துக் கொண்டுவர வேண்டும். முதல் தேர்வை வெற்றுத்தாளாகக் கொடுத்தவனுக்கு எல்லாக் கணக்கும் எழுத வேண்டியிருக்கும். நோட்டம் பார்க்க வருகிறவர்கள் யோசிப்பார்கள். கேள்வித்தாள் வேறாக இருக்கும்.

நேரத்துக்குக் கொடுக்கும் அந்தப் பெண்ணுக்கும் பதில் கிடைத்தது. அன்றன்று வந்த நோட்டை மூன்று நாளில் விரிவாகத் திருத்தித் தருவேன். கடைசி வாரத்தில் வருவதற்கு மார்க் மட்டும்தான், குறிப்பு கிடையாது. மார்க்கில் வித்தியாசமில்லை, என் நேரத்தில் வித்தியாசம் உண்டு.

பதினொன்றாம் வகுப்பு எழுதியது:

சார், அந்தச் சீட்டில் காரணம் எழுத வேண்டுமா? எழுதச் சொன்னால் எல்லோரும் காய்ச்சல் என்றுதான் எழுதுவார்கள். உண்மையான காரணம் உள்ளவன் எழுத மாட்டான்.

கணக்கு வாத்தியார் எழுதியது:

வேண்டாம் தம்பி. எந்தத் தேதிக்குத் தருகிறாய் என்று மட்டும் எழுதினால் போதும். ஒரே ஆளிடமிருந்து சீட்டு வந்துகொண்டே இருந்தால் நான் கூப்பிட்டுப் பேசுவேன்.

அறிவியல் டீச்சர் எழுதியது:

திட்டம் நன்றாக இருக்கிறது சார். ஆனால் பழைய தலைமையாசிரியர் சொன்னதை மறந்துவிடாதீர்கள். வாரத்தில் ஒரு மாலை, நுழைவுச்சீட்டு திருத்துவது, மூன்று நாளில் விரிவான குறிப்பு, புதுக் கேள்வித்தாள், இதெல்லாம் உங்கள் வீட்டு நேரத்திலிருந்து போகிறது. நீங்கள் ஒருவர் செய்து காட்டினால் "வாத்தியார் செய்கிறாரே" என்று எங்கள் தலையிலும் சும்மாவே கட்டிவிடுவார்கள். தொடங்கும் முன்னால் தலைமையாசிரியரிடம் வாரத்துக்கு இரண்டு பீரியடாவது எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கணக்கு வாத்தியார் எழுதியது:

திங்கட்கிழமை கேட்கிறேன் டீச்சர். கிடைக்காவிட்டால் மறுதேர்வு ஒரு பாடத்துக்கு ஒன்றுதான், அதை இப்போதே வகுப்பில் சொல்லிவிடுகிறேன்.